பங்கஸ் கிறீம் பூசியும் படை மாறேல்லையா? எங்க பிழைக்குது எண்டு பாப்பம்

காலபோக விதைப்பு முடிஞ்சு மழை விட்டு விட்டுப் பெய்யிற கார்த்திகை மார்கழியில எங்கட பாமசிக்கு வாற ஆக்களில கன பேர் படைக்கு, அதுதான் தோலில வட்டமாப் பரவி அரிக்கிற பங்கஸ் வருத்தத்துக்கு, மருந்து கேட்டுத்தான் வருவினம். அரைவாசி சுருட்டின ரியூப் ஒண்டை சேட் பொக்கற்றுக்குள்ள இருந்து எடுத்து மேசையில வச்சிட்டு "பிள்ளை, இதுக்கு இது கேக்கேல்ல, இதைவிடப் பவரா ஒண்டு தா" எண்டுவினம். நான் ஏ9 றோட்டுக் கரையில கிளிநொச்சிப் பக்கம் ஒரு பாமசியில பதினொரு வருசமா நிக்கிறன், டொக்டர் இல்ல, ஆனா இந்தப் பதினொரு வருசத்தில நான் கண்டது என்னெண்டா பவர் காணாமல் மாறாமப் போன படை குறைவு, பிழையான ரியூப், காணாத அளவு, நேரத்தோட நிப்பாட்டினது, இல்லாட்டி அது பங்கஸே இல்ல, இந்த நாலுக்குள்ளதான் முக்கால்வாசி நிக்கும். அதால உங்களுக்கு என்ன நடக்குது எண்டதை வச்சு கீழ உங்கட பிரச்சினையைத் தேடிப் பாருங்கோ, எல்லாத்தையும் வாசிக்க வேணும் எண்டில்ல, ஆனா முதலாவதை மட்டும் எல்லாரும் வாசியுங்கோ.

முதல் வேலை: ரியூப்பைத் திருப்பிப் பாருங்கோ

முன்பக்கத்தில பெரிய எழுத்தில இருக்கிறது கொம்பனி வச்ச பேர், அதை விடுங்கோ. அதுக்குக் கீழயோ பின்பக்கத்திலயோ சின்ன எழுத்தில மருந்தின்ர பேர் இருக்கும். குளோட்ரிமசோல் 1%, மைக்கோனசோல் 2%, கீட்டோகோனசோல் 2%, டெர்பினபின் 1% இதில ஏதாவது ஒண்டு மட்டும் தனிய இருந்தால் அது சுத்தப் பங்கஸ் கிறீம், நல்லது. அதோட பீட்டாமெதசோன், குளோபெட்டசோல், மொமெட்டசோன், டெக்சாமெதசோன் எண்டு இன்னொரு பேரும் சேர்ந்திருந்தால் அது ஸ்ரெரொயிட் கலந்த கிறீம். சிலதில நியோமைசின், ஜென்டாமைசின் எண்டு பற்றீரியா மருந்தும் சேர்ந்து மூண்டு நாலு மருந்து ஒரே ரியூப்புக்குள்ள கிடக்கும், சனம் நாலு மருந்து எண்டா நாலு மடங்கு நல்லம் எண்டு நினைக்குது.

இதில ஒரு இடத்தில நிதானமா நில்லுங்கோ. குளோட்ரிமசோல், குளோபெட்டசோல். கேக்க ரெண்டும் ஒண்டு மாதிரி, ரெண்டும் "குளோ" வில தொடங்கி "சோல்" இல முடியுது. ஒண்டு பங்கஸைக் கொல்லுறது, மற்றது தோலுக்குப் பூசுற ஸ்ரெரொயிட்டுகளிலயே ஆகப் பலமான வகை. போனில பேரைச் சொல்லி வாங்கிவரச் சொல்லுற ஆக்கள் தயவுசெய்து சொல்லாதேங்கோ, ரியூப்பைப் படம் எடுத்து அனுப்புங்கோ.

"பூசின உடன கடி நிக்குது, விட்ட கையோட முந்தியை விடப் பெரிசா வருது"

இதுதான் இப்ப ஆகக் கூட வாற முறைப்பாடு, ஆக மோசமானதும் இதுதான், அதால இதில கொஞ்சம் கூடக் கதைக்கப் போறன்.

என்ர தம்பி ரைக்டர் ஓடுறவன். நாள் முழுக்க சூட்டில சீற்றில இருந்து வேர்த்து தொடையிடுக்கில படை வந்திட்டுது. எனக்குச் சொல்ல வெக்கம், அக்கா பாமசியில நிண்டாலும் அந்த இடத்துப் பிரச்சினையைச் சொல்ல ஏலுமே. கூட வேலை செய்யிற ஒரு பெடியன் தன்ர ரியூப்பைக் குடுத்திருக்கிறான், மூண்டு நாளில கடி போட்டுது, சிவப்பும் போட்டுது, அவனுக்கு அது தெய்வ மருந்து மாதிரி. நிப்பாட்டினால் ஒரு கிழமையில வருது, திரும்பப் பூசினால் போகுது, இப்பிடியே எட்டு மாதம், ஒரு கடையில கேள்வி இல்லாமல் குடுத்துக்கொண்டே இருந்திருக்கினம். கடைசியா நடக்கவே ஏலாமல் வந்து அம்மாட்டச் சொல்ல, அம்மா எனக்குச் சொல்ல, நான் ரியூப்பை வாங்கிப் பாத்தால் குளோபெட்டசோல் கலந்தது. படை தொடையில இருந்து வயித்துக்கும் பின்பக்கத்துக்கும் ஏறியிருந்தது, தொடையிடுக்கில தோல் மெலிஞ்சு, பிள்ளைப்பெத்த ஆக்களின்ர வயித்தில இருக்கிற வரி மாதிரி சிவந்த கோடுகள். தோல் கிளினிக் டொக்டர் சுத்த மருந்தும் குளிசையும் தந்து படை மாற ரெண்டு மாதத்துக்கு மேல போச்சுது. அந்தக் கோடுகள் இப்பவும் இருக்கு, அது போகாது.

ஏன் இப்பிடி நடக்குது எண்டால், கடியும் சிவப்பும் பங்கஸோட எங்கட உடம்பு சண்டை பிடிக்கிறதால வாறது. ஸ்ரெரொயிட் செய்யிறது அந்தச் சண்டையை நிப்பாட்டுறதுதான். சண்டை நிண்டால் கடி நிக்கும், ஆனா எதிரி உள்ள இருக்கிறான், தடுக்க ஆளில்லாமல் ஆறுதலாப் பரவுறான். வழமையான படைக்கு வெளி விளிம்பு சிவந்து செதிலோட வட்டமா வடிவாத் தெரியும், நடுவில மாறின மாதிரி இருக்கும், ஸ்ரெரொயிட் பூசின படைக்கு அந்த வட்டம் கலைஞ்சு போயிடும், டொக்டருக்கே பாத்தவுடன பிடிக்கக் கஷ்டம். அதால என்ன பூசினீங்கள் எண்டதை ஒளிக்காமல் சொல்லுங்கோ.

என்ன செய்ய வேணும்: கலவைக் கிறீமை நிப்பாட்டி தனிப் பங்கஸ் கிறீமுக்கு மாறுங்கோ. மாறின முதல் கிழமை, சில பேருக்கு அதுக்கும் மேல, கடியும் சிவப்பும் கூடும், இதைத் தெரிஞ்சு வச்சிருங்கோ, இந்த இடத்திலதான் எல்லாரும் பயந்து பழைய ரியூப்புக்குத் திரும்பிப் போறது. குளிர்ந்த தண்ணியில நனைச்ச துணியை வச்சு எடுங்கோ, இரவில நித்திரை வராட்டி கடிக்குக் குளிசை இருக்கு, பாமசியில கேளுங்கோ. ஆனா மாதக்கணக்காப் பூசின ஆக்கள், முகத்தில பூசினவை, சின்னப் பிள்ளைக்குப் பூசினவை, உடம்பில கன இடத்துக்குப் பூசினவை, தனிய முடிவு எடுக்காமல் டொக்டரிட்டப் போங்கோ. டொக்டர் பாத்து ஒரு சில நாளைக்கு மெல்லிய ஸ்ரெரொயிட் எழுதித் தந்தால் அது வேற கதை, அவர் சொன்ன நாளோட நிக்க வேணும், அந்தத் துண்டை வச்சுக்கொண்டு வருசக்கணக்கா வாங்கக் கூடாது.

"நல்லா மாறினது, ரெண்டு மூண்டு கிழமையில அதே இடத்தில திரும்ப வந்திட்டுது"

ரியூப் சரியானதுதான், ஆனா நேரத்தோட விட்டிட்டீங்கள். கடி நிக்கிறதும் பங்கஸ் சாகிறதும் ஒரே நாளில நடக்கிறதில்ல. குளோட்ரிமசோல், மைக்கோனசோல் எண்டால் ஒரு நாளைக்கு ரெண்டு தரம், ரெண்டில இருந்து நாலு கிழமை, அதோட தோல் பழையபடி வந்த பிறகும் இன்னும் ரெண்டு கிழமை. டெர்பினபின் எண்டால் நாள் குறைய, கால் விரல் இடுக்குக்கு ஒரு கிழமை, உடம்பிலயும் தொடையிடுக்கிலயும் ஒண்டு ரெண்டு கிழமை காணும் எண்டு எழுதியிருக்கும், உங்கட பெட்டிக்குள்ள இருக்கிற துண்டைப் பாருங்கோ. கலண்டரில தொடங்கின நாளைக் குறிச்சு வையுங்கோ, நான் ரியூப் குடுக்கேக்க பெட்டியிலயே பேனையால தேதி எழுதித்தான் குடுக்கிறனான்.

அளவும் ஒரு பெரிய பிரச்சினை. சனம் கிறீமைப் பொட்டு வைக்கிற மாதிரித் தொட்டு வைக்குது. ஒரு ஆளின்ர ஆட்காட்டி விரல் நுனியில இருந்து முதல் மடிப்பு வரைக்கும் ரியூப்பை நீட்டுக்குப் பிதுக்கினால் அது கிட்டத்தட்ட அரைக் கிராம், விரலோட சேர்த்து ரெண்டு உள்ளங்கை அளவு இடத்துக்கு அது காணும். இப்ப கணக்குப் பாருங்கோ, ரெண்டு உள்ளங்கை அளவு படை, நாளைக்கு ரெண்டு தரம், ஒரு நாளைக்கு ஒரு கிராம், 15 கிராம் ரியூப் 15 நாளில முடிஞ்சிடும். நாலு கிழமைக்கு ரெண்டு ரியூப் வேணும். ஒரு ரியூப்பை ரெண்டு மாதமா வச்சுப் பூசினன் எண்டு சொல்லுற ஆக்களைப் பாத்தால் எனக்கு மனசு கஷ்டமா இருக்கும், காசு இல்லாமல்தான் அப்பிடிச் செய்யினம், ஆனா அப்பிடிச் செய்தால் அந்தக் காசும் வீண். காசு கஷ்டம் எண்டால் அரசாங்க ஆஸ்பத்திரி ஓபிடிக்குப் போங்கோ, அங்க இலவசம்.

பூசுற இடமும் முக்கியம். சிவந்த இடத்துக்கு மேல மட்டும் பூசினால் காணாது, பங்கஸ் கண்ணுக்குத் தெரியாமல் விளிம்புக்கு வெளியாலதான் போய்க்கொண்டிருக்கு, அதால விளிம்பில இருந்து ரெண்டு மூண்டு சென்ரிமீற்றர், அதாவது ரெண்டு விரல் அகலம் அளவு வெளியால தொடங்கி உள்ளுக்கு வாங்கோ. உள்ள இருந்து வெளிய தேய்ச்சுக்கொண்டு போகாதேங்கோ. முதல் கழுவி, நல்லா ஒத்தி ஈரம் காயவிட்டு, பிறகு மெல்லிசாப் பூசி, பூசின கையை சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கோ, கழுவாமல் கண்ணைத் தொடாதேங்கோ.

"ஒழுங்காப் பூசுறன், ஆனா வீட்டில ஒராள் விட்டு ஒராளுக்கு வருது"

2009இல நாங்கள் முகாமில இருக்கேக்க எனக்குப் பதினாலு வயசு. ஒரு கூடாரத்துக்குள்ள ரெண்டு குடும்பம், ஒரு துவாய், தண்ணி வாளிக்கணக்கு, தோய்ச்ச உடுப்பைக் காயப்போட இடமில்லாமல் கூடாரத்துக்குள்ளயே கயிறு கட்டிப் போடுறது. அம்மாக்கு இடுப்பில வந்த படை, பாவாடை நாடா கட்டுற இடத்தில, ஒரு மாதத்துக்குள்ள எனக்கும் தம்பிக்கும் பக்கத்துக் குடும்பத்து மாமிக்கும் வந்திட்டுது. அப்ப வேற வழி இருக்கேல்ல. இப்ப வழி இருக்கு, அதால இதைச் சொல்லுறன்.

பங்கஸின்ர வித்து உதிர்ந்த செதிலோட துவாயிலயும் சாரத்திலயும் படுக்கை விரிப்பிலயும் மாதக்கணக்கா உயிரோட கிடக்கும். படை உள்ள ஆளுக்குத் தனித் துவாய், தனிச் சோப்பு. உள்ளுடுப்பு ஒவ்வொரு நாளும் மாத்தி, ஏலுமெண்டால் கொதிக்கவச்ச சுடுதண்ணியில ஊறவச்சுத் தோய்ச்சு, உட்பக்கம் வெளிய வாற மாதிரித் திருப்பி நல்ல வெய்யிலில காயப்போடுங்கோ, எங்கட வெய்யிலுக்கு ஒரு குறையும் இல்லைத்தானே. மழைக்காலத்தில அரைகுறையாக் காய்ஞ்சதை அப்பிடியே போடாமல் சூடா அயன் பண்ணிப் போடுங்கோ, இடுப்புப் பட்டியும் தையலும் இருக்கிற இடத்தில ரெண்டு தரம் இழுங்கோ. இறுக்கமான ஜீன்ஸை மாறுமட்டும் விட்டிட்டு தளர்ந்த பருத்தி உடுப்பு. வீட்டில ஆருக்கெல்லாம் படை இருக்கோ அவை எல்லாரும் ஒரே நேரத்தில பூச வேணும், ஒராள் மாற மற்றாள் தொடங்கினால் அது சுத்திக்கொண்டே இருக்கும்.

இன்னொண்டு, கன பேர் யோசிக்காதது. மாட்டுக்கண்டின்ர கண்ணைச் சுத்தியும் காதடியிலயும் சாம்பல் நிறத்தில பொருக்குப் பிடிச்சு மயிர் உதிர்ந்திருக்கா எண்டு பாருங்கோ. அதுவும் படைதான், கண்டைக் கட்டிப்பிடிச்சு விளையாடுற பிள்ளைக்குக் கன்னத்திலயும் கையிலயும் வரும், பால் கறக்கிற ஆளுக்கு முழங்கையிலயும் நெத்தியிலயும் வரும். பூனைக்குட்டியில இருந்தும் வரும். போன வருசம் விசுவமடுப் பக்கம் இருந்து ஒரு அம்மா மூண்டாந்தரம் ரியூப் வாங்க வந்தவா, எத்தினை மாடு நிக்குது எண்டு கேட்டன், ஏன் பிள்ளை மாட்டைக் கேக்கிறாய் எண்டா. வீட்டை போய்ப் பாத்திட்டு அடுத்த நாள் போன் எடுத்தவா, ரெண்டு கண்டுக்கு இருக்கு எண்டு. மிருக வைத்தியரிட்ட மாட்டையும் காட்டினால்தான் பிள்ளைக்கு மாறும்.

"கால் விரல் இடுக்கு ஊறி வெள்ளையா வெடிக்குது"

சேத்துப்புண். புல்லுப் பிடுங்கவும் உரம் எறியவும் வரம்பு கட்டவும் நாள் முழுக்க சேத்துக்குள்ள நிக்கிற ஆக்களுக்கு சின்ன விரலுக்கும் அதுக்குப் பக்கத்து விரலுக்கும் நடுவில தொடங்கும். போன மார்கழியில ஒரு ஐயா வாங்கில இருந்து காலைத் தூக்கிக் காட்டினவர், விரலை விரிச்சுப் பாத்தால் தோல் தண்ணியில ஊறின பாண் மாதிரி வெள்ளையா உப்பி, தொட்டால் பிஞ்சு வருது, அடியில பச்சைச் சதை. அதுக்கு மேல தடிப்பா வெள்ளைவெளேரெண்டு கிறீமை அப்பி வச்சிருக்கிறார், ஈரத்துக்கு மேல ஈரம்.

இங்க கிறீமை விட ஈரம் காய்றதுதான் மருந்து. வயலால வந்த உடன கிணத்தடியில சவர்க்காரம் போட்டுக் கழுவி, ஒவ்வொரு விரல் இடுக்கா பழைய பருத்தித் துணித்துண்டால துடைச்சு, கால் மணித்தியாலம் காலை நீட்டிக் காத்தாட இருங்கோ, பிறகு பூசுறது ஒரு மெல்லிய படலம் மட்டும், தேய்ச்சால் மறைஞ்சு போற அளவு. இரவில விரலுக்கு நடுவில சின்னத் துணித்துண்டு ஒண்டு வச்சு விரலைப் பிரிச்சு விடலாம். கம்பூட்ஸ் போடுற ஆக்கள் உள்ளுக்குள்ள தண்ணி நிண்டால் கழட்டி ஊத்துங்கோ, ஈரச் சப்பாத்து வெறுங்காலை விட மோசம். ஆஸ்பத்திரியில சில நேரம் தாற விற்பீல்ட் களிம்பு, பென்சோயிக் அமிலம் 6%, சலிசிலிக் அமிலம் 3% கலந்தது, தடிச்ச உள்ளங்காலுக்கு நல்லம், ஆனா வெடிச்ச விரலிடுக்குக்கும் தொடையிடுக்குக்கும் போட்டால் எரிச்சல் தாங்கேலாது. அதோட அந்தக் களிம்பு ஊறின துணி லேசில நெருப்புப் பிடிக்கும், பூசின சாரத்தோட அடுப்படியில குந்தாதேங்கோ.

இந்தப் புண்ணை நான் சின்னதா எடுக்கிறதில்ல, ஏனெண்டால் அந்த வெடிப்பு ஒரு வாசல். அதுக்குள்ளால பற்றீரியா போனால் கால் சிவந்து சூடாகி வீங்கி மேல ஏறும், கவட்டில நெறி கட்டும், காய்ச்சல் வரும், அது வந்தால் கிறீமோட மினைக்கெடாமல் அண்டைக்கே ஆஸ்பத்திரி. எலிக்காய்ச்சலும் அந்த வழியால வரும், எலியின்ர மூத்திரம் கலந்த வயல் தண்ணி வெடிப்புக்குள்ளால போகுது. 2024 மார்கழியில வெள்ளத்துக்குப் பிறகு யாழ்ப்பாணப் பக்கம் எலிக்காய்ச்சலால ஆக்கள் செத்தது எல்லாருக்கும் தெரியும். வயலுக்குள்ள இறங்கின ஆளுக்கு காய்ச்சல், கெண்டைக்கால் சதை நோ, தலையிடி, கண் சிவப்பு, மூத்திரம் குறையிறது இதுகள் வந்தால் வயல்வேலை செய்தனான் எண்டதைச் சொல்லியே டொக்டரிட்டக் காட்டுங்கோ. விதைப்புக் காலத்தில எலிக்காய்ச்சல் தடுப்புக் குளிசை தேவையோ எண்டு உங்கட பகுதி பொதுச் சுகாதாரப் பரிசோதகரிட்ட (பிஎச்ஐ) கேளுங்கோ, இலவசமாக் குடுக்கிறவை.

"பூசினால் எரியுது"

முதல் ரெண்டு நாள் மெல்லிசா எரியிறது வெடிச்ச தோலில வழமை. பூசின இடமெல்லாம் தடிச்சு சிவந்து நீர்க்கொப்புளம் வந்தால் அந்தக் கிறீம் உங்களுக்கு ஒத்துவரேல்ல, மருந்து மட்டுமில்ல அதோட கலந்திருக்கிற மெழுகுக்கும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, கழுவிட்டு நிப்பாட்டி வேற வகைக்கு மாறுங்கோ. முகம் வீங்கினால், மூச்சு இழுத்தால் உடன ஆஸ்பத்திரி.

எரியிறதுக்கு இன்னொரு காரணம் ஆக்கள் கிறீமுக்கு முதல் என்னத்தையோ போட்டிருக்கிறது. உள்ளியை அரைச்சு வச்சுக் கட்டி நெருப்புச் சுட்ட மாதிரித் தோல் கழண்டு வந்த ஆக்களைப் பாத்திருக்கிறன், மண்ணெண்ணெய், பற்றித் தண்ணி, பிளீச் எண்டு கேக்கவே பயமா இருக்கு. சீமையகத்தி இலை எங்கட ஆக்கள் காலங்காலமாப் படைக்குப் பூசினது, அதைப் பழிச்சுச் சொல்ல மாட்டன், ஆனா கிறீமும் இலையும் மாறி மாறிப் பூசினால் எது சுகமாக்குது எது எரிக்குது எண்டு ஒருத்தருக்கும் விளங்காது. ஒண்டைச் செய்யுங்கோ.

"தேமல் வெள்ளை அப்பிடியே நிக்குது"

நெஞ்சு, முதுகு, தோள்மூட்டில மாவு தூவின மாதிரி வெள்ளையா இல்லாட்டி மண்ணிறமா, சுரண்டினால் மெல்லிய செதில் வாறது தேமல். இது எல்லாருடைய தோலிலயும் இருக்கிற ஒரு ஈஸ்ட் வேர்வைக்குப் பெருகி வாறது, ஒட்டாது, அழுக்கால வாறதும் இல்ல, ஆரையும் ஒதுக்கத் தேவையில்ல. முதுகு முழுக்க இருந்தால் கிறீம் கட்டாது, பெரிய ஆக்களுக்கு 2% கீட்டோகோனசோல் சம்புவை ஈர உடம்பில பூசி 5 நிமிசம் விட்டுக் கழுவுறது, 5 நாளைக்கு. பங்கஸ் செத்த பிறகும் வெள்ளை நிறம் மாற மாதக்கணக்கு எடுக்கும், செதில் இல்லாமல் வெறும் வெள்ளை மட்டும் நிண்டால் மருந்து வேலை செய்திட்டுது, பேந்து பேந்து பூசத் தேவையில்ல.

ஆனா ஒரு சோதினை செய்யுங்கோ. கண்ணை மூடச்சொல்லி பஞ்சு நுனியால வெளிறின இடத்தைத் தொடுங்கோ, பிறகு பக்கத்து நல்ல தோலைத் தொடுங்கோ. வெளிறின இடத்தில தொட்டது தெரியேல்ல, வேர்வையும் இல்ல, கடியும் இல்ல எண்டால் அது தொழுநோயா இருக்கலாம். பயப்பிடாதேங்கோ, ஒளிக்கவும் வேண்டாம். இலங்கையில இப்பவும் வருசத்துக்கு ஆயிரம் பேருக்கு மேல புதுசாக் கண்டுபிடிக்கினம், ஆறு மாதமோ ஒரு வருசமோ குளிசை, இலவசம், முழுசா மாறும், மருந்து தொடங்கினால் கெதியாவே மற்றவைக்குத் தொத்தாது. பிந்தினால்தான் கை கால் நரம்பு போறது. உணர்ச்சி இல்லாத ஒரு தழும்புக்குப் பங்கஸ் கிறீம் பூசிப் பூசி ஒரு வருசத்தைப் போக்கிறதை நினைக்க எனக்கு நெஞ்சு பதறும்.

கிறீம் எட்டாத இடங்கள்

பிள்ளையின்ர தலையில வட்டமா மயிர் முறிஞ்சு செதிலோட இருந்தால் பங்கஸ் மயிர் வேருக்குள்ள நிக்குது, கிறீம் அங்க போகாது, டொக்டர் தாற குளிசைதான், கிழமைக்கணக்கா எடுக்க வேணும். தலையை மொட்டை அடிச்சுப் பூசினாலும் அதுதான் கதை. நகம் மஞ்சளாகித் தடிச்சு உக்கினாலும் குளிசைதான் வேணும், கை நகத்துக்கு 6 கிழமை, கால் நகத்துக்கு 12 கிழமை அளவு, புதுக் கால் நகம் முழுசா வளர ஒரு வருசம் அளவு போகும்.

"ஒண்டுக்கும் கேக்கேல்ல" – அது பங்கஸே இல்லாட்டி?

இரவில கடி கூட, கை விரல் இடுக்கு, மணிக்கட்டு, தொப்புளடி, ஆம்பிளையளின்ர மறைவிடத்தில சின்னச் சின்னப் பரு, வீட்டில நாலு பேருக்கும் ஒண்டா கடி எண்டால் அது சொறிசிரங்கு, ஒரு சின்னப் பூச்சி தோலுக்குள்ள குடையிறது. பங்கஸ் கிறீம் அதை ஒண்டும் செய்யாது. பேர்மெத்ரின் இல்லாட்டி பென்சைல் பென்சோவேற் வீட்டில எல்லாரும் ஒரே இரவில கழுத்துக்குக் கீழ முழு உடம்புக்கும் பூச வேணும், கடி இல்லாத ஆளும்தான்.

முகத்திலயோ கையிலயோ காலிலயோ நுளம்பு கடிச்ச மாதிரி ஒரு தடிப்பு வந்து, நோவும் இல்ல கடியும் இல்ல, மாதக்கணக்கா மெல்ல மெல்லப் பெருத்து நடுவில பொருக்கு வச்சுப் புண்ணாகினால் மணல் ஈ கடிச்சு வாற லீஷ்மேனியாவை யோசியுங்கோ. இலங்கையில 1992இல இருந்து தெரிஞ்ச வருத்தம், 2008இல இருந்து அரசாங்கத்துக்கு அறிவிக்க வேண்டிய வருத்தம், காட்டுக்கரையும் புத்தும் உள்ள எங்கட உலர்வலயத்துக்கு இது புதுசு இல்ல. அதுக்கு ஊசி இருக்கு, குளிரால உறையவைக்கிற முறை இருக்கு, ரெண்டும் அரசாங்க ஆஸ்பத்திரித் தோல் கிளினிக்கில செய்வினம். விறகுக்கும் தேனுக்கும் காட்டுக்குள்ள போற ஆக்கள் இதை மனசில வச்சிருங்கோ.

சலரோகம், கர்ப்பம், குழந்தை

மார்புக்குக் கீழ, தொடையிடுக்கில, ஆணுறுப்பின்ர முன்தோலில சிவந்து ஈரமா, சுத்திவரச் சின்னச் சின்னப் பருவோட திரும்பத் திரும்ப வந்தால் இரத்தத்தில சீனியைப் பாருங்கோ. கிறீம் வாங்க வந்து சலரோகம் பிடிபட்ட ஆக்கள் எங்கட பாமசியிலயே இருக்கினம். சீனி கட்டுப்படாமல் எந்தக் கிறீமும் நிலைக்காது. சலரோகக்காரரின்ர காலில ஒரு சின்ன வெடிப்பு எண்டாலும் பாமசிக்கு இல்ல, கிளினிக்குக்குப் போங்கோ.

கர்ப்பிணிகளுக்கு குளோட்ரிமசோல் தோலுக்குப் பூசுறது உடம்புக்குள்ள போறது மிகக் குறைவு, எண்டாலும் மிட்வைப்பிட்டயோ டொக்டரிட்டயோ சொல்லிட்டுப் பூசுங்கோ, தானா வாங்கிக் குளிசை போடவே கூடாது. தாய்ப்பால் குடுக்கிறவை முலைக்காம்பில பூசினால் பால் குடுக்க முதல் துடைச்சு விடுங்கோ. குழந்தைக்குப் பம்பேஸ் கட்டுற இடத்தில ஸ்ரெரொயிட் கலந்த கிறீம் பூசி மேல பம்பேஸைக் கட்டினால் மருந்து இன்னும் கூடவா உள்ள இறங்கும், செய்யாதேங்கோ.

எல்லாம் சரியாச் செய்தும் மாறேல்ல எண்டால்

சரியான ரியூப், சரியான அளவு, நாலு கிழமை, துவாய் வேற, வீட்டில எல்லாரும் பூசினது, இவ்வளவும் செய்தும் மாறாத படை இப்ப உண்மையாவே இருக்கு. தெற்காசியா முழுக்கப் பரவுற ஒரு புது வகைப் பங்கஸுக்கு 2020இல ட்ரைக்கோபைற்றன் இண்டோட்டினியே எண்டு பேர் வச்சவை, அதில கன படை டெர்பினபினுக்கே கேக்காது. இதுக்குக் குளிசை வேணும், ஆனா பக்கத்து வீட்டாளின்ர துண்டைக் காட்டி குளிசை வாங்காதேங்கோ. புளுக்கோனசோல், இற்றாகோனசோல் மாதிரிக் குளிசையள் ஈரலைப் பாதிக்கலாம், கொலஸ்ட்ரோல் குளிசையோடயும் இரத்தம் உறையாமல் இருக்கப் போடுற வார்பரினோடயும் மோதும், என்னென்ன மருந்து போடுறீங்கள் எண்டு தெரிஞ்ச டொக்டர்தான் எழுத வேணும்.

தோல் கிளினிக்கில செதிலைச் சுரண்டி எடுத்து மைக்கிறஸ்கோப்பில பாப்பினம், நோகாது. கிறீம் பூசிக்கொண்டே போனால் சில நேரம் அதில ஒண்டும் தெரியாது, அதால நாள் எடுக்கேக்கயே எத்தினை நாளுக்கு முதல் நிப்பாட்ட வேணும் எண்டு கேளுங்கோ. போற நாளில பூசின மருந்து எல்லாத்தையும் ஒரு பையில போட்டுக்கொண்டு போங்கோ, முடிஞ்ச ரியூப், அயலட்டை தந்தது, பேர் அழிஞ்சது, பெட்டி கிழிஞ்சது எல்லாம்தான். என்ர தம்பியின்ர வருத்தத்தை டொக்டர் பிடிச்சது படையைப் பாத்தில்ல, நாங்கள் ரியூப்புகளைப் போட்டுக் கொண்டுபோன பையைக் கவிட்டுக் கொட்டிப் பாத்துத்தான்.